முதல்முறை கேட்பவர்கள்

கோவை அரங்கின் வாசலில் நாலாயிரம் பேர் காதுக்குப் பின்னால் புதுச்செவியை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று நிமிடம்தான். ஒரு பாட்டு மூளையில் பதித்த தடத்தைத் தேடிக் கரைத்துவிடும் வில்லை அது. அந்தப் பாட்டைப் பற்றிப் பேசியது, படித்தது எல்லாம் கூடவே போய்விடும். உள்ளே வந்தவர்கள் ரெஜினா பாடியதை முதல்முறையாகக் கேட்டு அழுதார்கள். பலருக்கு அது முப்பதாவது முதல்முறை.

ரெஜினா தூத்துக்குடிக்காரி. 'உப்பளம்' ராக் குழுவின் பாடகி. குழுவில் கிதார் வாசித்த தம்பி லெரின் மூளைக்காய்ச்சலில் இறந்த மூன்றாம் நாள், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அந்தப் பாட்டை எழுதினாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஒரே மாதத்தில் ஊரெல்லாம் அதைப் பாடியது. அடுத்த வருடம் புதுச்செவி வந்தது. பிடித்த பாட்டே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிடைக்கும்போது வேறொன்று எதற்கு? அவள் எழுதிய மற்ற பாட்டுகளை யாரும் கேட்கவில்லை.

இருபத்துமூன்று ஆண்டுகள் அதையே பாடினாள். கோவையில் பாட்டின் நடுவே, ரயிலுக்கு முன் துணியை மடித்து வைக்க வேண்டுமே என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். எதிரே ஆட்கள் தேம்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் திருச்சியில், டிரம்ஸ் வாசிக்கும் பிரிட்டோவிடம் தனக்கும் ஒரு வில்லை கேட்டாள். லெரினோடு படித்தவன், பழைய குழுவில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவன். பாட்டோடு வேறு என்னென்ன ஒட்டியிருக்குமோ, வேண்டாம் என்று தடுத்தான்.

"அவனுக்கு எழுதின பாட்டுடே. எல்லாரும் அழுறாங்க. எனக்கு ஒண்ணுமே வரல," என்றாள்.

அவள் காதிலிருந்து வில்லையை எடுத்த பிறகு பிரிட்டோ பழைய பதிவை ஓடவிட்டான். அசையாமல் கேட்டாள்.

"நல்லாருக்குடே. லெரின் எங்க? இன்னும் வரலியா?"

பாட்டோடு அந்தச் சாவும் போயிருந்தது.

பிரிட்டோதான் சொன்னான். அவள் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை அவள் பாடியபோது, வாசித்துக்கொண்டிருந்த பிரிட்டோவுக்குத் தாளம் தப்பியது. மேடையிலிருந்து இறங்கியதும், இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் தம்பிக்காகப் பாடினேன் என்றாள். இனி ஒவ்வொரு ஊரிலும் இப்படித்தான், நீதான் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சேலத்தில் சொன்னான். ஈரோட்டில் சொன்னான். ஒவ்வொரு முறையும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

மதுரையிலும் அவள் கேட்டாள்.

"வந்துட்டிருக்கான்க்கா," என்றான்.

'வந்துவிடு, விளக்கை நான் அணைக்கவில்லை' என்ற வரியை, பக்கத்துத் தெருவில் வந்துகொண்டிருப்பவனைக் கூப்பிடுவதுபோல் சிரித்துக்கொண்டே பாடினாள். முதல்முறையாகக் கேட்ட ஐயாயிரம் பேரும் எழுந்து ஆடினார்கள். ஒருவரும் அழவில்லை. என்ன சந்தோஷமான பாட்டு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்கள்.

இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தான். தாளம் தப்பாமல் வாசித்தான்.