இரண்டரை வினாடி

பிற்பகல் மூன்றரைக்குத் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் பழைய தொடர்பு நிலையத்தைத் திறந்தேன். பூட்டு வழமைபோல அடம்பிடித்தது. உள்ளே வௌவால் எச்சமும் சூடேறிய தூசியும் மணத்தன. கூரையில் துருப்பிடித்த பெரிய டிஷ். நானும் நுஸ்கியும் எட்டு மாதம் மாரடித்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தோம்.

நாங்கள் செய்தது இதுதான். நிலாவைப் பார்த்து வானொலியில் பேசுவோம். குரல் அங்கே பட்டுத் திரும்பிவர இரண்டரை வினாடி ஆகும். அந்த நேரத்தை அளந்தால் அன்றைக்கு நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். திரும்பி வருகிற சொந்தக் குரலைக் கேட்டு நுஸ்கி ஒவ்வொரு முறையும் துள்ளிக் குதிப்பான்.

முப்பத்தெட்டு நாளுக்கு முன் அவன் குச்சவெளியிலிருந்து மாமாவின் வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனான். வள்ளம் திரும்பவில்லை.

போகச் சொன்னது நான். "கடலில இரைச்சல் குறைவு மச்சான். எதிரொலி அங்க கேக்குதா எண்டு பார்" என்று சின்ன றிசீவர் ஒன்றையும் அவன் கையில் திணித்தேன்.

இன்றைக்கு என்னோடு வந்திருந்தது அவன் தங்கை பஸ்னா. அண்ணனை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"யது அண்ணா, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல நானாவுக்குக் கடைசித் தொழுகை, ஜனாஸா தொழப்போறாங்க. உடம்பு கூடக் கிடைக்காம, மையித்து இல்லாமலே. அதுக்கு முந்தி ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கணும்."

"உன்ர குரல்தான் திரும்பி வரும் பஸ்னா. அவன்ர குரல் வராது."

"தெரியும். நானாட றிசீவரில கேக்கும்தானே?"

அதன் பற்றரி இரண்டு நாள் கூடத் தாங்காது. அதைச் சொல்லாமலே வானொலிச் செட்டை முடுக்கினேன்.

மூதூர்ப் பக்கம் பகல் நிலா வெளிறிப்போய் நின்றது. டிஷ்ஷை அதற்கு நேராகத் திருப்பினேன். பஸ்னா மைக்கைப் பிடித்தாள்.

"நானா, கேக்குதா?"

இரைச்சலுக்குள் அவள் குரல் மெலிந்து திரும்பியது. கணினியில் 2.53 வினாடி. சரியாக இருந்தது.

மறுபடி கூப்பிட்டாள். 2.10.

கணினி பிசகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் முறை 1.40.

"என்ன அண்ணா, முகம் ஒரு மாதிரிப் போகுது?"

"நிலா கிட்ட வந்தாத்தான் நேரம் இப்பிடிக் குறையும்."

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நிலா நின்ற இடத்திலேயே நின்றது.

அப்படியென்றால் எங்கள் குரலைத் திருப்பி அனுப்புவது நிலா இல்லை.

அதற்கும் எங்களுக்கும் நடுவே ஏதோ ஒன்று. இறங்கி வந்துகொண்டிருந்தது.

நான் தடுப்பதற்குள் பஸ்னா நாலாவது தடவையும் கூப்பிட்டாள். 0.60. அவள் சொன்ன அதே சொற்கள் திரும்பி வந்தன. குரல் மட்டும் அவளுடையதில்லை. தொண்டைக்குள் தண்ணீர் நிறைந்த குரல்.

"நானா, கேக்குதா?"

நுஸ்கி.

பஸ்னாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

"நிப்பாட்டப்போறன்."

"ஏலாது!" என் கையை நகம் பதியப் பிடித்தாள். "வள்ளம் கரைக்கு வராம எங்கட வீட்டில றேடியோ செட்டை நிப்பாட்டுறதில்ல. வாப்பாட வள்ளம் பிந்தினப்ப உம்மா மூணு நாள் செட்டடியிலேயே கிடந்தவ. வாப்பா வந்தவர்தானே!"

அறைக்குள் வள்ளத்து டீசலும் கடல் உப்பும் மணத்தன.

"பஸ்னா, வேண்டாம்."

"நானா, கேக்கு—"

அவள் வாயோடு சேர்ந்து ஸ்பீக்கரும் பேசியது. இடைவெளியே இல்லை. கணினியில் பூச்சியம்.

வயரைப் பிடுங்கினேன்.

பஸ்னா இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். "வாசல் வரைக்கும் வந்தவனத் திருப்பிட்டீங்களே! இனி எங்க போவான் அவன்?"



வெள்ளிக்கிழமை தொழுதார்கள். நான் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்றேன். அன்றைக்கே நிலையத்துக்குப் போய்ச் செட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, அந்தி சாயும்போது பாலையூற்று வீட்டுக்கு வந்தேன். குசினியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா. தேத்தண்ணீர் கேட்க நினைத்தேன்.

"அம்மா, தேத்தண்ணி இருக்கா?"

"இருக்கு தம்பி. ஏன் தொண்டை இப்பிடிக் கட்டியிருக்கு? கடல் காத்துப் பட்டதோ?"

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் நிறைந்த அந்தக் குரல் என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்திருந்தது. டீசல் மணத்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து அசையவில்லை.

ஒன்று. இரண்டு. இரண்டரை.

பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, தேத்தண்ணி இருக்கா?"