கல் வட்டத்தில் கூப்பிட்ட குரல்

மேட்டுவெளிக்குப் போகும் பாதையின் கடைசி வேலிக் கதவருகே ஜாகோ காரை நிறுத்தினான். காலை பத்து மணி. அக்டோபர் மாதத்து இளவெயில். ஆடுகள் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

"மேலே காத்து காதைப் பிய்க்கும். தொப்பியைப் போட்டுக்க."

"ரொம்பத்தான் அக்கறை," என்றாள் எலோவென்.

அவன் அவள் தங்கை கெரன்சாவின் கணவன். மூன்று வருடங்களுக்கு முன் இதே போட்மின் மேட்டுக்கு மனைவியோடு நடக்கப் போனவன், தனியாகத் திரும்பி வந்தான். பனிமூட்டத்தில் வழிதவறிச் சேற்றில் அமிழ்ந்துவிட்டாள் என்றான். உடல் கிடைக்கவே இல்லை.

எலோவென் அதை ஒருநாளும் நம்பியதில்லை. அந்த இடத்தைக் காட்டு என்று அவனை நச்சரித்து இழுத்து வந்ததே, அவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கத்தான். ஆறு மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் போலீசுக்குச் சொல் என்று தோழிக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் காரிலேயே ஏறியிருந்தாள்.

இரண்டு மணி நேரம் ஏறினார்கள். வழி முழுக்க அவன் அவளுக்குப் பின்னாலேயே வந்தான். பிடரியில் அவன் மூச்சு படுவதுபோல் இருந்தது.

"முன்னாடி நடக்க வேண்டியதுதானே?"

"நீ என் கண்ணுலயே இருக்கணும்."

உச்சியில் கற்கள் வட்டமாக நின்றன. ஆள் உயரம், பாசி படிந்து, ஒன்றிரண்டு சாய்ந்து. ஈரக் கம்பளி வாடை. எலோவென் சட்டென்று திரும்பி நின்றாள்.

"அவ அமிழ்ந்தப்ப நீ ஏன் இழுக்கலை? தள்ளிவிட்டியா?"

ஜாகோவின் முகம் வெளுத்தது. அவன் பதில் சொல்வதற்குள் பனி இறங்கியது. மூன்றடி தள்ளி நின்றவனைக் காணவில்லை.

காற்று நின்றுபோனது.

"எலோவென்! இந்தப் பக்கம் வா. இங்கே தரை கெட்டியா இருக்கு."

ஜாகோவின் குரல். இடப்பக்கமிருந்து. தயங்கித் தயங்கி இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் முழங்கால்வரை சேறு விழுங்கியது.

பாவி. இப்படித்தான் அவளையும் கூப்பிட்டாயா?

அலற வாய் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்தது.

அது ஜாகோ.

"வா, எலோவென். பயப்படாதே," என்றது சேற்றின் நடுவிலிருந்து அதே ஜாகோவின் குரல்.



"பதில் கொடுக்காதே," அவன் அவள் காதருகே கிசுகிசுத்தான். "அன்னிக்கு அது உன் குரல்ல கூப்பிட்டுச்சு. கெரன்சா 'அக்கா வந்திருக்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே ஓடினா. யார்கிட்ட போய் இதைச் சொல்வேன்? எவன் நம்புவான்?"

கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடையைத் தாண்டும்போது பிடி நழுவியது. பனிக்குள் ஒரு நொடி துழாவினார்கள். மறுபடி விரல்கள் கிடைத்தன. சரிவில் பனி சுவர்போல் அறுந்து நிற்க, கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

காருக்குள் உட்கார்ந்ததும் எலோவென் உடைந்து அழுதாள். "மூணு வருஷமா உன்னைக் கொலைகாரன்னு நினைச்சிட்டேன். மன்னிச்சிடு, ஜாகோ."

"விடு. உசிரோட வந்தோமே." அவன் சாவியைத் திருகப் போனான்.

மேட்டிலிருந்து ஓர் அலறல்.

"ஜாகோ! என்னை விட்டுட்டுப் போயிடாதே!"

எலோவெனின் குரல்.

அவன் கை சாவியிலேயே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்தான். வழி முழுக்க அவள் அவன்மேல் வைத்திருந்த அதே சந்தேகம் இப்போது அவன் கண்ணில். முதுகு கதவில் இடிக்கும்வரை பின்வாங்கினான்.

"ஓடைகிட்ட கை நழுவிச்சே," என்றான். "அப்புறம் நான் பிடிச்சது யார் கையை?"

"நான்தான், ஜாகோ!"

அவள் சொன்ன அதே நொடியில், அதே நடுக்கத்தோடு, மேலிருந்தும் அது கேட்டது.

"நான்தான், ஜாகோ!"