நோட்டு இல்லாமல் மாத்திரை கிடையாது

செல்போன் அலறியபோது பிரின்சி டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தாள்.

தயிர்சாதம். மாங்காய் ஊறுகாய். எதிரே யாரும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் அந்தச் சின்ன அரசு ஆஸ்பத்திரியில், மருந்தகத்துக்குள், பதினோரு வருடமாக அவள் இப்படித்தான் சாப்பிடுகிறாள். ஜன்னலுக்குக் கம்பி வலை. வலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. ஓட்டைக்கு மேலே ஒரு போர்டு.

'நோட்டு இல்லாமல் மாத்திரை கிடையாது.'

ஒரு நாளைக்கு முந்நூறு கைகள் மருந்து நோட்டோடு அந்த ஓட்டைக்குள் வந்து போகும். எல்லாரும் மாத்திரைக்கு வருகிறவர்கள். பிரின்சியிடம் பேச வருகிறவர்கள் யாரும் கிடையாது.

போனை எடுத்தாள்.

"மேடம், எஸ்.ஐ. பொன்னுராஜ் பேசறேன். லோயர் கேம்ப் பக்கம் ஒரு டெத். ஓவியான்னு பதினஞ்சு வயசுப் பொண்ணு. வலிப்புக்கு உங்ககிட்டதான் மாத்திரை வாங்குனாகளாம்..."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"மேடம்... லைன்ல இருக்கீகளா?"

"எந்த ஓவியா சார்?"

கேட்டாளே தவிர, எந்த ஓவியா என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

முந்நூறு கைகளில் ஒரு கை மட்டும் மாத்திரையை வாங்கியதும் போகாது. குனிந்து, ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். "அக்கா, சாப்ட்டீகளா?" என்று கேட்கும். பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள், பள்ளிக்கூட யூனிஃபார்மில் தனியாக பஸ் ஏறி வந்த அந்தப் பிள்ளைதான். அம்மா செத்து இரண்டு வருடம். அப்பா வேறு குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். தாய்மாமன் தங்கப்பாண்டியன் வீட்டில் வளர்ந்தாள்.

அஞ்சு மாதத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை வருவது நின்று போனது. மாமன் வர ஆரம்பித்தான்.

"பத்தாவதுல்ல மேடம், படிக்கிறா. இனிமே நானே வந்து வாங்கிக்கிறேன்."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

அரைமணி நேரத்தில் பொன்னுராஜ் வந்து நாற்காலியை நிறைத்தார். ஜோக் அடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன மேடம், உங்க ரூம்ல மாத்திரை இருக்கு, காத்துதான் இல்ல. சிம்பிள் மேட்டர். சனிக்கிழமை வலிப்பு வந்து செத்துருச்சு. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு நேத்து அடக்கமும் பண்ணிட்டாக. ஒழுங்கா மாத்திரை வாங்குனாகன்னு ஒரு லெட்டர் குடுங்க. ஃபைலைக் கட்டிருவேன்."

பிரின்சி ரெஜிஸ்டரைத் திறந்தாள்.

ஒரு தடவைகூடத் தவறவில்லை. இந்த அஞ்சு மாதமும் ஒவ்வொரு வரியிலும் தங்கப்பாண்டியனின் கையெழுத்து. இவ்வளவு ஒழுங்காக வந்த குடும்பம் அந்த ரெஜிஸ்டரிலேயே வேறு கிடையாது.

அதுதான் உறுத்தியது.

தேதிகளின் மேல் விரலை ஓட்டினாள். வலிப்புக்காரர்களுக்கு வியாழக்கிழமை. கொடுப்பது நாலு வாரத்துக்கான மாத்திரை. ஓவியா வந்தவரை நாலு வாரத்துக்கு ஒருமுறைதான் வந்திருக்கிறாள். மாமன் வந்ததும் அது மூன்று வாரமாகச் சுருங்கியிருந்தது. 'மாத்திரை தண்ணிக்குள்ள விழுந்துருச்சு மேடம்.' 'அட்டையை எலி கடிச்சிருச்சு மேடம்.' கேட்ட போதெல்லாம் கொடுத்தது யார்? இவள்தான்.

"சார்... பொண்ணு எப்படி இருந்துச்சு?"

பொன்னுராஜின் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"இருபத்தெட்டு கிலோ மேடம். சமையக்கட்டு மூலையில சாக்குல கிடந்துச்சு. நாக்கெல்லாம் கடிபட்டு... பாலூத்த வந்த அம்மாதான் பாத்திருக்கு. மாமனும் அவன் பொண்டாட்டி முத்துலட்சுமியும் ஹால்ல தூங்கிட்டிருந்தாகளாம்."

"எத்தனை மணிக்கு?"

"காலை பத்து மணிக்கு."

"காலி மாத்திரை அட்டை ஏதாச்சும் கிடைச்சுதா?"

"ஒரு பை நிறையக் கிடைச்சுது. அதான் பொண்ணு ஒழுங்கா முழுங்கியிருக்குன்னு சொல்றேன்."

"எங்கன கிடைச்சுது?"

"மாமங்காரன் கட்டிலுக்கு அடியி..."

பொன்னுராஜ் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சார், அது வலிப்பை அடக்குற மாத்திரை. வலிப்பு இல்லாதவுக ரெண்டு மூணைச் சேத்துப் போட்டா மயங்கிக் கிடப்பாக. காலை பத்து மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாக."

"போதையா?" பொன்னுராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவன் மேல ஒரு கஞ்சா கேஸும் இருக்கு மேடம். இப்ப அங்கன கெடுபிடி ஜாஸ்தி. சரக்கு வர்றதில்ல."

"அதுக்குப் பதிலா இது வந்திருக்கு. அரசாங்கமே குடுக்குது. நான்தான் என் கையால குடுத்தேன்."

பொன்னுராஜ் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மேடம், சந்தேகம் வேற, சாட்சி வேற. அந்த வீட்டுல இருந்தது மூணு பேர். ரெண்டு பேர் வாயைத் திறக்க மாட்டாக. அப்ப செத்த பிள்ளையா வந்து சாட்சி சொல்லும்? உங்க ரெஜிஸ்டர் வேற அவனுக்குத்தான் சாதகமாப் பேசுது. இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீக. பேஷன்ட்டைப் பாக்காம, நாள் ஆகறதுக்கு முன்னாடியே மாத்திரை குடுத்தது நீங்க. இதைக் கிளறுனா முதல் அடி உங்க வேலைக்குத்தான்."

பிரின்சிக்கு அது தெரியாதா என்ன? நாலு வரி எழுதிக் கொடுத்தால் வேலை பிழைக்கும். இந்த வேலையை விட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். இந்த ஜன்னலும் மூடிவிட்டால் பார்ப்பதற்குக் கைகள்கூட இருக்காது.

பேனாவை எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"அவளோட நோட்டு எங்க சார்? மாத்திரை வாங்குற நோட்டு."

"தேடுனோம். பொண்ணோட சேத்துப் புதைச்சுட்டோம்னான்."

"புதைச்சிருக்க மாட்டாரு. வியாழக்கிழமை இங்கன கொண்டு வருவாரு."

"செத்த பிள்ளைக்கு மாத்திரை வாங்கவா? பைத்தியமா அவனுக்கு?"

"பைத்தியம் இல்ல சார், பழக்கம். வியாழக்கிழமையோட மூணு வாரம் ஆகுது. வீட்டுல ஒரு மாத்திரைகூட இருக்காது. நீங்க என்கிட்ட பேசுனது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

வியாழக்கிழமை.

வாசல் ஓரம் மஃப்டியில் இரண்டு கான்ஸ்டபிள்கள். குளுக்கோஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அதே மஃப்டியில் பொன்னுராஜ். அவர் உட்கார்ந்திருந்த அட்டைப்பெட்டி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் அங்குலம் அமுங்கிக்கொண்டிருந்தது.

கைகள் வந்தன. கைகள் போயின. பத்தரை. பதினொன்று. ஜன்னலை மூடுவது பன்னிரண்டுக்கு.

பதினொன்றே முக்கால்...

"வரமாட்டான் மேடம்," பெட்டிக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்பு. "எனக்கு இடுப்பு போச்சு. அந்த லெட்டரை எழுதிருங்க."

அப்போது ஒரு கை ஓட்டைக்குள் நுழைந்தது.

நடுங்குகிற கை. அதில் பழுப்பு அட்டை போட்ட நோட்டு.

"மேடம்... ஓவியாவுக்கு. வலிப்பு மாத்திரை."

பிரின்சி நோட்டை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஓவியா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா மேடம்."

பெட்டிக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் நின்றது.

"படிக்கிறாளா?"

"ஒரே படிப்புதான். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறா."

நாலு நாளாக மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளை!

"மாத்திரை ஒழுங்கா போடுறாளா?"

"ஒரு வேளை தவறாது. அவ அத்தை கையாலயே குடுக்குறா. கொஞ்சம் வெரசா குடுங்க மேடம், பஸ்சு போயிரும்."

பொன்னுராஜ் எழுந்தார். பிரின்சி கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் மாத்திரை வாங்குவது எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைய தேதியைப் போட நோட்டைத் திறந்தாள்.

ஒரு தடவைக்கு ஒரு பக்கம். அது வழக்கம். புரட்டிக்கொண்டே போனாள். எல்லாப் பக்கமும் நிரம்பியிருந்தது. மிச்சம் இருந்தது கடைசிப் பக்கம் மட்டும்தான்.

திருப்பினாள்.

பக்கம் காலியாக இல்லை. பென்சிலில், பொடிப்பொடி எழுத்தில், மேலிருந்து கீழ் வரை...

'அக்கா, சாப்ட்டீகளா? பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டாக. பஸ்சுக்கும் விட மாட்டேங்கிறாக. முன்னாடி எழுதுனா மாமா பாத்துருவாக, அதான் கடைசிப் பக்கத்துல எழுதுறேன். நீங்க இங்கன வர்றதுக்கு இன்னும் ஆறு பக்கம் இருக்கு.'

'இன்னும் அஞ்சு. மாத்திரைய மாமாவும் அத்தையும் போட்டுக்கிறாக. எனக்கு ஞாயித்துக்கிழம மட்டும் பாதி.'

'நாலு. தெனமும் வலிப்பு வருது. கத்துனாலும் வாய்க்கா தண்ணிச் சத்தத்துல யாருக்கும் கேக்காது.'

'மூணு. வெளிய போறப்ப என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாக. சோறு ஆக்க மறந்துருறாக.'

'ரெண்டு. இப்ப பாதியும் இல்ல.'

'ஒண்ணு. அடுத்த தடவ நீங்க இந்தப் பக்கத்துக்கு வந்துருவீக. அது வரைக்கும் பரவால்லக்கா. அங்கன கூட்டமா இருக்கும், எனக்குத் தெரியும். சாப்ட்டீகளா?'

ஆறு தடவை இந்த நோட்டு அவள் கைக்கு வந்திருக்கிறது. ஆறு தடவையும் தேதி போட்டாள், முத்திரை குத்தினாள், திருப்பிக் கொடுத்தாள். ஒரு தடவைகூடப் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துக்கு அவள் வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குச் சாவு ஐந்து நாள் முந்திவிட்டது.

பிரின்சி அழுதாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

"மேடம்? என்னாச்சு மேடம்?" தங்கப்பாண்டியன் குனிந்து எட்டிப் பார்த்தான். கை மட்டும் இன்னும் ஓட்டைக்குள் நீண்டிருந்தது. "மாத்திரை..."

அந்தக் கையை உள்ளேயிருந்து இன்னொரு கை பற்றியது. பொன்னுராஜின் கை, உலக்கை கனம்.

"சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறாளாடா?"

தங்கப்பாண்டியன் இழுத்துப் பார்த்தான். கை வரவில்லை. வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தார்கள்.

"சார்... எனக்கு ஒண்ணும் தெரியாது சார். முத்துலட்சுமிதான் பிள்ளைக்கு மாத்திரை குடுக்கல. நான் குடுக்கத்தான் சொன்னேன். என்ன சாட்சி சார் இருக்கு?"

"சாட்சியா? உன் மேல புகார் எழுதி உன் கையிலயே குடுத்து விட்டிருக்குடா அந்தப் பிள்ளை. ஆறு தடவை அதை பஸ் ஏத்திக் கொண்டாந்து, பத்திரமாத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போயிருக்க. உன்னைய மாதிரி நம்பிக்கையான போஸ்ட்மேன் டிபார்ட்மென்ட்லயே கிடையாது. உன் பொண்டாட்டியைக் கூட்டியாற ஜீப் போயிருச்சு. ரெண்டு பேரும் பேசி, யார் குடுக்கலன்னு ஸ்டேஷன்ல முடிவு பண்ணுங்க."

அவனை இழுத்துப் போனார்கள். வரிசை கலைந்து ஜீப்பைச் சுற்றிக் கூடியது. மருந்தகத்துக்குள் சத்தம் அடங்கியது.

பொன்னுராஜ் திரும்பிப் பார்த்தார். பிரின்சியின் பேனா அந்தக் கடைசிப் பக்கத்துக்கு மேலே நின்றது.

"மேடம், வேணாம். அது எவிடென்ஸ்."

"ஒரு வார்த்தைதான் சார். சாப்ட்டேன்னு மட்டும் எழுதிக்கிறேன். ரெண்டு தடவை கேட்டிருக்கா."

"கூடாது மேடம்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நாளாவதற்கு முன்பே மாத்திரை கொடுத்தது, பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் கொடுத்தது, பின்பக்கம் திருப்பிப் பார்க்காதது... ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பொன்னுராஜ் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இது உங்களுக்கே ஆப்பு."

"தெரியும். லெட்டர் கேட்டீகளே சார். இதான் லெட்டர்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஜீப்பின் பின்சீட்டில் தங்கப்பாண்டியனுக்கு வேர்த்துக் கொட்டியது. விலங்குக்குள் இரண்டு கைகளும் தடதடவென்று ஆடின.

"சார்... எங்க வேணாலும் வர்றேன் சார். மேடத்துக்கிட்டச் சொல்லி இன்னைக்கு உள்ள மாத்திரையை மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. உடம்பு தாங்கல."

பொன்னுராஜ் பிளாஸ்டிக் கவரில் போட்ட நோட்டை அவன் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். அப்படியே ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார்.

"நோட்டு கோர்ட்டுக்குப் போகுதுடா. நோட்டு இல்லாம மாத்திரை கிடையாது... அங்கன போர்டே மாட்டியிருக்காக, இத்தனை தடவை வந்தவன் படிக்கலியா?"