கேட்டு வாங்கிய பாதி

"இந்த வீட்டுல பிள்ளைங்க சம்பாத்தியத்துல யாரும் கை வெச்சதில்ல. அதையும் பாத்துட்டுப் போகணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்றாள் அண்ணி. காபிக் கோப்பையை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

அடுப்படியில் நின்ற தம்பி மனைவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கணவரின் அக்கா எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அண்ணி. கணவனை இழந்து இந்த வீட்டுக்கு வந்த பிறகும் தலை நிமிர்ந்து வாழ்கிறவள். வீட்டின் மரியாதை தன் கையில் இருக்கிறது என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கையில் தவறில்லை என்றே இவளும் நினைத்திருந்தாள்.

"பூக்கடையில நின்னு நின்னு உன் பொண்ணு கால் வீங்கிச் சேர்த்த காசு. அதுல பாதியக் குடுன்னு கேக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? என் தம்பிக்குக் கையில்லையா? உழைக்கத் தெம்பில்லையா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதற்கான பதிலைச் சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மகளுக்குப் பதினெட்டு வயது. மருத்துவமனையில் நர்சுப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். விடியற்காலை வேலைக்குப் போய்ச் சேர அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. கார் வேண்டும், பழைய கார் போதும். "முழுசும் நான் குடுக்கறேன்" என்றார் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் அப்பா. "ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்றாங்க. போனா ஆச்சு."

ஞாயிற்றுக்கிழமையும் மண்டியிட்டு வேலை செய்தால் அவருடைய இடது முட்டி என்னவாகும் என்று மருத்துவர் அவளிடம்தான் விளக்கியிருந்தார். வேலையைக் குறைக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகும் பழையபடி நடப்பார் என்று சொல்ல முடியாது. திரும்பி வரும் வழியில் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அக்காவுக்குத் தெரியக் கூடாது. தன்னாலதான் எனக்குப் பாரம்னு அன்னிக்கே பெட்டியக் கட்டிடும். பாப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு முழுநேர வேலைக்குப் போயிடும்."

அதனால்தான் அவள் மகளிடம் கேட்டாள். பாதி நீ போடு, பாதி நாங்கள் போடுகிறோம் என்றாள். காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து கணவர் அவளிடம் உப்பு எங்கே, துண்டு எங்கே என்பதற்கு மேல் பேசுவதில்லை. தான் செய்ய வேண்டியதை மனைவி பறித்துக்கொண்டாள் என்று அவருக்கு வருத்தம்.

மகள் தலைவாரியபடி வந்தாள். "கிளம்பலாமா? கார் விக்கறவர் காத்துக்கிட்டிருப்பாரு."

"நானும் வரேன்" என்று அண்ணி எழுந்தாள். "எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கறேன்."

நால்வரும் போய்ச் சேர்ந்த பழைய கார்கள் விற்கும் மைதானம் ஊர் ஓரத்தில் இருந்தது. மகள் முன்பே வந்து பார்த்து வைத்த நீல நிறச் சின்னக் கார், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில் நின்றது. பின்கதவில் ஒரு நசுங்கல். மற்றபடி கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"நசுங்கலுக்குக் காசு வாங்கறது இல்ல. அது இலவசம்" என்றார் கார்க்காரர். மகள் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் குடும்பத் தலைவர்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். மகளின் முதல் சைக்கிளைக்கூட அவர்தான் முட்டி மோவாயில் இடிக்கத் தெருமுனை வரை மிதித்துக் கொண்டுவந்தார். கார்க்காரர் சாவியை மகளிடம் நீட்டியபோது, "இங்க குடுங்க" என்று அவர் கை நீட்டினார்.

அவள் சட்டென்று முன்னால் வந்தாள். சில மாதங்களாக அவர் நண்பரின் வேனில்தான் வேலைக்குப் போய் வருகிறார். கிளட்சை அழுத்தியே வெகு நாளாயிற்று.

"பாப்பாவே ஓட்டட்டுமேங்க. அவதான ஓட்டப் போறா..."

"கேட்டியா தம்பி?" என்றாள் அண்ணி. "காசும் நீ குடுக்க வேணாம், வண்டியும் நீ தொட வேணாம். பேசாம உன்னைக் கொண்டுபோய் மூலையில சாத்தி வெச்சுடச் சொல்லு."

அவர் ஏறி உட்கார்ந்தார். இயந்திரம் சீராக உறுமியது. கியரைப் போட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது.

"புது வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான்" என்றார் கார்க்காரர், அது பழைய வண்டி என்பதை மறந்து.

மறுபடியும் குதித்தது, நின்றது. அவர் நெற்றியில் வியர்வை. மீண்டும் சாவியைத் திருப்பியவர், இடது கையை முட்டிக்கு அடியில் கொடுத்துக் காலைத் தூக்கிக் கிளட்சின்மேல் வைத்தார். அங்கே அது நிற்கவில்லை. நடுங்கி நழுவியது.

திறந்திருந்த கதவருகே நின்ற அண்ணி அதைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி... கால ஏன் கையால தூக்குற?"

கார்க்காரர் நல்ல மனிதர். தூரத்தில் இருந்த வேறொரு காரின் கண்ணாடியில் திடீரென்று அழுக்கைக் கண்டுபிடித்துத் துடைக்கப் போய்விட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாவே இருக்குக்கா. மண்டி போட்டுப் போட்டுத் தேஞ்சுடுச்சாம்." அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போனா கால் போயிடும்னு டாக்டர் இவகிட்டச் சொல்லிட்டார். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இவ வாயக் கட்டினது நான். கட்டிட்டு, நானே இவகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

அண்ணி மெல்லத் திரும்பினாள். "காலையில அத்தனை பேச்சுப் பேசினேனே. வெண்ணெயத் தடவிக்கிட்டு நின்னியே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க பெட்டியக் கட்டிடுவீங்கன்னு பயம் அண்ணி."

"கட்டியிருப்பேன்" என்றாள் அண்ணி. உண்மையை மறைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. தணிந்த குரலில் தொடர்ந்தாள். "அப்ப எனக்குப் பதிமூணு வயசு. பிஸ்கட் கம்பெனியில சம்பள நாளானா எங்கப்பா வாசல்ல வந்து நிப்பார். எல்லாரும் பாக்க என் கையிலேருந்து பிடுங்கிட்டுப் போவார். இவன் பிள்ளைக்கு அந்த அவமானம் வரக் கூடாதுன்னுதான் கத்தினேன்."

"அத்தை, என்கிட்ட யாரும் பிடுங்கலையே" என்றாள் மகள். கண்ணில் நீர் நின்றது. "அம்மா என் பக்கத்துல உக்காந்து, உனக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. இஷ்டமில்லன்னா விட்டுடலாம்னும் சொன்னாங்க. பெரிய மனுஷி ஆயிட்டேன்னு எனக்கு ஒரே பெருமை. அப்பா காலுக்காகன்னு தெரிஞ்சிருந்தா முழுசும் குடுத்திருப்பேன்."

"அந்தக் கதையே வேணாம்" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா பாதின்னு சொல்லிட்டா. பாதிதான். மீதிக்கு நான் இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சா?" என்றாள் மனைவி. பல நாள் கழித்து அவரிடம் நேராகக் கேட்ட கேள்வி அது.

அவர் வாய் திறக்குமுன் அண்ணி குறுக்கிட்டாள். "அவன் பாதியில ஒரு பங்கு என்னோடது. பின் சீட்டுல நான்தானே உக்காரப் போறேன்? பின் சீட்டுக்கு நான் குடுக்கறேன். சும்மா ஏறி உக்கார நான் என்ன விருந்தாளியா?"

"அத்தை, அப்ப நசுங்கலும் உங்க பங்குலதான் வருது."

"வாலு. கொழுப்புடி உனக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணியின் உதடு துடித்தது. முதுகு வளையாமல் நடந்து வந்து, தம்பி மனைவியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பாதி கேட்டது கௌரவக் குறைச்சல்னு நெனச்சேன். இந்தக் குடும்பத்தோட கௌரவத்த நீ ஒருத்தியா சுமந்துக்கிட்டு நின்னிருக்க. என்னை மன்னிச்சுடும்மா..."

"ஐயோ, பெரியவங்க நீங்க..." என்று அவள் தடுத்தாள். அண்ணியின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு, இத்தனை நாள் சேர்ந்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

கையெழுத்துகள் முடிந்தன. மகள் ஓட்ட, கணவர் முன்னால் உட்கார, பெண்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கணவரின் வலது கால் தரையை அழுத்தியது.

"அப்பா, உங்க பக்கம் பிரேக் கிடையாதுப்பா."

"உன் பக்கம் இருக்கில்ல, அதை அமுக்கு."

பாலத்தைத் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

"ஞாயித்துக்கிழமை வரலைன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிடறேன். அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்போ நீயும் வா. உன்கிட்டதான் அவர் ஒழுங்காப் பேசறார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வீட்டுல என்னப்பா பண்ணுவீங்க?"

"அம்மாகிட்டப் பேசுவேன். ரொம்ப நாள் பாக்கி இருக்கு."

பின்னால் இருந்து மனைவி கையை நீட்டி முன் இருக்கைக்கு மேலாக அவர் தோளில் வைத்தாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.