ஆறுதல் என்றொரு வரி

ஆறுதலை எடுத்த பிறகும் அம்மா நலமாகத்தான் இருந்தாள்.

அவன் திரையை மறுபடி பார்த்தான். மேசைமேல் சோதனைக்குக் கிடந்த கைப்பட்டைகள் எல்லாம், பேட்டரி கழற்றப்பட்டிருந்ததால், அதில் நியாயமாகச் சிவப்பாகத் தெரிந்தன. அம்மாவின் பெயருக்கு எதிரே மட்டும் பச்சை.

நிறுவனம் பெரியது அல்ல, பேச்சுதான் பெரியது. தனியாக வாழும் பெற்றோரின் மணிக்கட்டில் ஒரு பட்டை, தூரத்துப் பிள்ளைகளின் கைபேசியில் ஒரு பொத்தான். பொத்தானைத் தொட்டால் நாடித்துடிப்பும் மூச்சும் தெரியும். அன்றைய பாசம் அத்தோடு முடிந்தது. நடுவே நின்று கேள்வியை வாங்கிப் பதிலைத் திருப்பித் தரும் ஏபிஐ என்ற நிரலைப் பைத்தான் ஃபிரேம்வொர்க் ஒன்றில் எழுதியது அவன். பதவி, தலைமைக் கட்டமைப்பாளர். அவனுக்குக் கீழே இருந்தது ஒரு நாற்காலி மட்டும்.

முதலாளி தன் அட்டையில் ‘தொலைநோக்காளர்’ என்று அச்சடித்துக்கொண்டவர். எதிர் மேசைக்காரனின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆரம்பத்தில் ஏதாவது ஒரு பட்டை பதில் தராவிட்டால் திரையில் சிவப்பாகப் பிழை வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

“சிவப்பைப் பார்த்தா பிள்ளைங்க பதறுவாங்க, தம்பி. பதறினா நேர்ல போய்ப் பார்த்துடுவாங்க. அப்புறம் நாம எதுக்கு?”

அதற்காக அவன் எழுதியதுதான் ஆறுதல். பட்டை வாய் திறக்காவிட்டால், கடைசியாகக் கிடைத்த நல்ல பதிலை எடுத்து, அதில் இந்த நிமிடத்தின் நேரத்தை ஒட்டி அனுப்பிவிடும். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு நிரல்துண்டின் தலைக்கு மேலும் குல்லா மாட்டுவதுபோல் அந்த ஒற்றை வரியை மாட்டினான். பிழை ஒழிந்தது. முதலாளி கைதட்டினார்.

இன்று மாலை முதலீட்டாளர்கள் வருகிறார்கள். பெரிய திரையில் செய்முறை விளக்கம். மாதிரிக்கு அவன் அம்மா. சொந்த அம்மாவையே நம்பி ஒப்படைத்த ஊழியன் என்று சொன்னால் எடுபடும் என்பது முதலாளியின் கணக்கு. கடைசியாக ஒருமுறை சரிபார்த்த சோதனைக்காரப் பெண்தான் சொன்னாள்.

“உங்கம்மா நாடிக்கு ரொம்பக் கட்டுப்பாடு சார். மழைக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே நம்பர்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மழைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

தன் கணினியிலிருந்த நிரலின் நகலில் அவன் ஆறுதலை நீக்கினான். பச்சை. கைபேசியிலிருந்து கேள்வி இந்த நகலுக்குத்தான் வருகிறதா என்று சரிபார்த்தான், வந்தது. நகலையே நிறுத்தினான். இனி கேட்க ஆள் இல்லை. பதில் வர வழியில்லை. பொத்தானைத் தொட்டான். பச்சை வந்தது. அதன் கீழே, எண்களைத் தவிர வேறு எதையும் அனுப்பத் தெரியாத அந்த இடத்தில், அவன் எழுதாத ஒரு வரி.

நலமா இருக்கேன்.

அக்காவைக் கூப்பிட்டான். ஞாயிறுதோறும் இவன் போகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் போகிறாள் என்று இவன் நினைத்திருந்தான். யார் கடைசியாகப் போனது என்பதில் சிறு தகராறு வந்து, விடை இல்லாமல் அடங்கியது.

“பச்சையாத்தானேடா இருக்கு?” என்றாள் அக்கா. “எழுதினதே நீதானே.”

அவன் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் தெருவில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. வாசலில் காற்று கொண்டுவந்த குப்பை யாரும் மிதிக்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்க, சாவியைத் திருப்பியதும் கதவு ஒட்டிக்கொண்டிருந்த எதையோ பிய்த்துக்கொள்வதுபோல் மெல்லத் திறந்து, மூடிய வீட்டின் புழுக்கத்தோடு காய்ந்துபோன ஓர் இனிப்பு வாடையை அவன் முகத்தில் ஊதியது. குளிர்சாதனப்பெட்டி உறுமி ஓய்ந்தது. கூடத்து ஜன்னலில் ஈக்கள் கூட்டமாக இறந்து கிடந்தன. உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் சீராக வந்தது: பழைய கீல் அசைவதுபோல் ஒரு கிறீச், பின்னாலேயே ஒரு முணுமுணுப்பு.

“நலமா இருக்கேன்.”

அம்மாவின் குரல்தான். நிம்மதியில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “அம்மா,” என்று கூப்பிட்டுக்கொண்டே போனான்.

அவள் முதுகைக் காட்டி நாற்காலியில் இருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கைப்பட்டை எலும்பில் தொங்கியது. அதில் வெளிச்சம் இல்லை.

அவன் முன்னால் சுற்றி வந்தான்.

தோல் நாற்காலியோடு ஒட்டியிருந்தது. கண் இருந்த இடத்தில் கண் இல்லை. தாடை மட்டும் இறங்கியது. கிறீச்.

“நலமா இருக்கேன்.”

சட்டைப்பையில் கைபேசி மினுங்கியது. திறந்திருக்கும் வரை திரை தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். அதையும் பெருமையாக எழுதியவன் அவன்தான். மினுங்கல். தாடை. மினுங்கல். தாடை. கேள்வி வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கைபேசியை அணைத்தான்.

அமைதி.

மூச்சு விட்டான்.

கிறீச்.

“நலமா இருக்கேன்.”

யார் கேட்கிறார்கள்? புரிந்தது. அங்கே அலுவலகத்தில் பெரிய திரையைப் போட்டுவிட்டார்கள். முதலாளி தொட்டுக் காட்டியிருப்பார். இப்போது விருந்தாளிகள். ஒவ்வொருவராக. ஆசையாக.

“நலமா. நலமா இருக். நலம். நலம்.”

தாடையின் ஒரு பக்கம் விட்டுப்போனது. இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்தான். உள்ளங்கைக்குள் அந்தச் சொல் முட்டியது. ஈரமே இல்லாமல். மறுபடி. மறுபடி.

நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு கையை எடுத்துக் கைபேசியை உயிர்ப்பித்தான். அவன் அழுத்துவதற்குள் அதுவே அடித்தது. முதலாளி. பின்னால் சிரிப்பும் கைதட்டலும்.

“எங்கய்யா போயிட்டே? எல்லாரும் உன்னைப் பார்க்கணுங்கறாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீயே சொல்லு. அம்மா எப்படி இருக்காங்க?”

செத்துப்போயிட்டாங்க. நிறுத்துங்க. நிறுத்துங்கய்யா. சொற்கள் தொண்டை வரை வந்தன. அங்கேயே எதுவோ அவற்றைப் பிடித்துக்கொண்டது. அவன் தாடை, அவன் கேட்காமலே, இறங்கியது.

“நலம்,” என்றான்.

கைதட்டல் ஓயவில்லை. யாரோ மறுபடி திரையைத் தொட்டார்கள். அறையில் இரண்டு வாய்கள் ஒன்றாகத் திறந்தன.