நாகபூஷணம் வீட்டு மீன்தொட்டி

கேஜ் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. கேஸ் ஏற ஏற நிதானமாக மேலே போக வேண்டியது, கொஞ்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தூங்குகிறவர்களின் நெஞ்சைப் போல. ஜெயச்சந்திரன் கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரையைக் குழாய் மூட்டுக்கு மூட்டு தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட எழவில்லை. முந்நூறு கிராம் கேஸில் நிரம்பிவிடும் குளிர்மெஷின் இரண்டு கிலோவைக் குடித்திருந்தது.

அலிபிரி போகும் ரோட்டில் நாகபூஷணத்தின் வீடு. குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். கடல்மீன் தொட்டியின் தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி கெட்டுப்போய், மே மாத வெயிலில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. நகரியில் விசைத்தறி ஓட்டியவன் ஜெயச்சந்திரன். தறி நின்றபின் ஏசி வேலை கற்றுக்கொண்டான். அவன் மனைவி யமுனாவை வீட்டு வேலைக்கென்று விமானம் ஏற்றிவிட்டதும் இதே நாகபூஷணம்தான். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த அவள் போன், தை மாதத்தோடு நின்றுவிட்டது.

"கூலியே வேணாம் சார். அவகிட்ட ஒரு வார்த்தை பேச வெச்சா போதும். நாலு மாசமா அலைஞ்சிக்கினு கீறேன்."

"முதல்ல மீனைக் காப்பாத்துப்பா. நான் போன் போட்டுக்கினே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குப் போனார்.

வெயில் நுழையாதபடி ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்த அந்த அறையில், உப்புத் தண்ணீரின் வீச்சமும் செத்த மீனின் நாற்றமும் கலந்து தொண்டையில் ஒட்டின. நீல விளக்கின் வெளிச்சம் சுவரில் அலையலையாக நெளிந்தது. பெட்டியின் ரீங்காரம் தரை வழியாக அவன் முட்டிக்கு ஏறி, எலும்புக்குள்ளேயே கேட்பது போலிருந்தது. இருபத்தாறு டிகிரி போதும். எண்பலகை பத்தொன்பதைத் தாண்டிக் கீழே போனது. பதினான்கு. ஒன்பது. மீன்கள் எல்லாம் குழாய் இல்லாத மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன.

நான்கு.

கம்ப்ரசரில் கோளாறு என்றால் ஸ்க்ரூடிரைவர் முனையை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். வைத்தான். பிஸ்டன் அடிக்கும் சத்தம் இல்லை. பல் பல்லோடு அடித்துக்கொள்ளும் சத்தம்.

"மாமா."

கைப்பிடியைச் சட்டென்று காதிலிருந்து எடுத்தான். மறுபடி வைத்தான்.

"குளிருது மாமா. இருட்டா கீது. கால நீட்ட எடமில்ல."

"யமுனா! எங்க கீற? இரு, நிறுத்திடறேன், இதோ..."

பிளக்கைப் பிடுங்கினான். ரீங்காரம் அடங்கியது. ஐந்து. ஏழு. பத்து. அறை முழுக்க ஒரு நாற்றம் எழுந்தது. மீன் நாற்றம் இல்லை.

"ஏன் நிறுத்திட்டே?" காதுக்குள் அவள் அழுதாள். "நிறுத்தாத மாமா. கெட்டுப்பூடுவேன். மூஞ்சி அடையாளம் தெரியாம பூடும்."

கூடத்தில் நாகபூஷணம் தெலுங்கில் பேசுவது கேட்டது. போன் கிடைத்துவிட்டது போலும். "எப்புடு? ... நாலு நெலலா? ஆஸ்பத்திரி மார்ச்சுவரிலோனா? மரி எவ்வரூ செப்பலேதேந்தி?"

நாலு மாதமா. யாரும் சொல்லவில்லையே. அவனுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

பிளக்கைச் செருகினான். மூன்று முறை தவறியது. மிச்சமிருந்த சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தான். வால்வை முழுக்கத் திறந்தான்.

நாகபூஷணம் வாசற்படியில் வந்து நின்றார். சொல்ல வந்ததை மறந்து வாயைப் பொத்திக்கொண்டார். தொட்டி பாறையாக உறைந்திருந்தது. மீன்கள் அதற்குள் வாய் திறந்தபடி.

"ஜெயச்சந்திரா, வேணாம்ப்பா. எழுந்து வா."

அவன் எழவில்லை. சிலிண்டர் வெறுமையாகிக்கொண்டிருந்தது. சூடு கொடுத்தால் கடைசிச் சொட்டு கேஸும் இறங்கும் என்று இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தான். பனி பூத்த இரும்பில் உள்ளங்கைத் தோல் ஒட்டி உரிந்து, அதன் வழியே ரத்தம் வழிந்து வழியிலேயே உறைந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. காதுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே தலையால் அழுத்தியிருந்த ஸ்க்ரூடிரைவரில் அவள் குரல் மட்டும்.

"இன்னும் கொஞ்சம் மாமா. இன்னும் கொஞ்சம்."