உய்யவந்தான் என்ற பெயரின் வேர்

திருச்சியில் அந்த ஆண்டு பிறந்த ஆண் குழந்தைகளில் ஆறில் ஒன்றுக்கு உய்யவந்தான் என்று பெயர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது. வேர்காட்டி சொன்னது, வைத்தார்கள்.

பிரசவ வார்டில் தொட்டிலுக்குத் தொட்டில் வேர்காட்டி தொங்கியது. உள்ளங்கையளவு கருவிதான். ஒரு பெயரைச் சொன்னால் போதும். அது எந்தக் கல்வெட்டில், எந்த ஓலையில் முதலில் வருகிறது, என்ன பொருள், இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சீரான குரலில் சொல்லிவிடும். வாய்க்கு வந்த ஓசைகளையெல்லாம் பெயராக வைத்து இரண்டு தலைமுறை சலித்துப்போனபின், வேர் இல்லாத பெயரைப் பிறப்புப் பதிவேடு ஏற்காது என்று சட்டமே வந்திருந்தது. உய்யவந்தானுக்கு வேர்காட்டி சொன்ன பொருள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று: பஞ்சத்திலிருந்து ஊரைக் கரையேற்ற வந்தவன்.

தேனம்மை வேர்காட்டியைத் தயாரிக்கும் நிறுவனத்தில் ஓலை வாசிப்பவள். அவளுடைய இரண்டு வயது மகனுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயரை முதலில் சொன்னவன் அருளாளன். கல்லூரியில் அவளோடு படித்தவன், இப்போது தொகுப்புப் பிரிவின் தலைவன். அன்றே அவளுக்கு ஒரு நெருடல் இருந்தது.

"உய்ய வந்தான்னா தான் பிழைக்க வந்தவன்னுதானே வரும் அருள்? ஊரை உய்விக்க வந்தவன்னு எப்படி வரும்?"

"இலக்கணப்படி நீ சொல்றது சரி. வழக்குல அப்படி இல்லை. கல்வெட்டுல நான் பார்த்தேன், தேனு."

அவன் பார்த்தேன் என்றால் அவள் மறுபடி பார்ப்பதில்லை. பத்து வருடப் பழக்கம் அது. பெயர் வைத்தாள். மகனை மடியில் வைத்திருந்த அவளுடைய படத்தை நிறுவனம் கேட்டது, கொடுத்தாள். ஓலை வாசிப்பவரே தன் பிள்ளைக்கு வைத்த பெயர் என்ற வரியோடு அந்தப் படம் எல்லா வேர்காட்டியிலும் வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு பழைய மடத்து ஓலைக்கட்டு அவள் மேசைக்கு வந்தது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாக இறுகியிருந்தன. பிரித்தால் பொடியாகிவிடும். அதனால் கட்டை அப்படியே ஓலைநோக்கிக்குள் வைத்தாள். கதிரை ஊடுருவச் செய்து, ஏடு ஏடாக எழுத்தை மட்டும் திரையில் பிரித்துக் காட்டும் கருவி அது.

நான்காம் ஏட்டில் அவள் கை நின்றது.

'பஞ்சம் பொறுக்கமாட்டாமல் ஏழு வயதான என் மகனை மடத்துக்கு அடிமையாக விற்றுக்கொடுத்தேன். இவனுக்கு மடத்தார் உய்யவந்தான் என்று பேரிட்டார்கள். முன்னிட்ட பேர் இனி இவனுக்கு இல்லை.'

அடுத்த ஏட்டில் வேறொரு தகப்பன், வேறொரு பிள்ளை, அதே பெயர். அதற்கடுத்த ஏட்டிலும் அதே. அந்தப் பஞ்சத்தில் மடம் வாங்கிய பையன்கள் எல்லோரும் உய்யவந்தான்கள். அந்தப் பெயர் முதன்முதலில் பரவியது அப்படித்தான்.

திரையின் மூலையில் ஒரு குறிப்பு இருந்தது. இந்தக் கட்டு ஏற்கெனவே ஒருமுறை வாசிக்கப்பட்டிருக்கிறது. வாசித்தவர் அருளாளன். தேதியை அவள் இரண்டு முறை படித்தாள். அவளுடைய மகனுக்குப் பெயர் வைத்த நாளுக்கு எட்டு நாள் முந்தைய தேதி.

அவன் அறைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"மடத்து ஓலை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அருளாளன் பொய் சொல்லவில்லை. "தெரியும்."

"பேர் வைக்கிற அன்னிக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தே. அவன் காதுல மூணு தரம் பேரைச் சொன்னோம். நீயும் குனிஞ்சு சொன்னே."

"அப்பவே சொல்லியிருந்தா நீ வச்சிருக்க மாட்டே. நீயே வைக்கலைன்னா வேற யாரு வைப்பாங்க, தேனு? எங்களுக்கு உன் படம் தேவைப்பட்டுது."

அவன் எங்களுக்கு என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதுவரை அந்தச் சொல்லுக்குள் தானும் இருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள்.

சட்டப்படி எந்த வாசிப்பாளரும் வேர்காட்டி படிக்கும் பதிவேட்டில் ஒரு சான்றை நேராகச் சேர்க்கலாம். அன்று மாலை அவள் சேர்த்துவிட்டாள். மறுநாள் காலை மாநிலம் முழுவதும் வேர்காட்டிகள் அதே சீரான குரலில் சொல்லின: உய்யவந்தான், பஞ்சத்தில் விற்கப்பட்ட அடிமைச் சிறுவன். சான்று சேர்த்தவர், ஓலை வாசிப்பாளர் தேனம்மை.

நிறுவனத்தின் மேல் கோபம் பாயும் என்று அவள் எதிர்பார்த்தாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரிசையில் நின்றபோது லால்குடிப் பெண் ஒருத்தி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு பையன் இருந்தான்.

"அந்தப் படத்துல இருந்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"உங்களப் பாத்துத்தான் இவனுக்கு வச்சேன். இப்ப எங்க தெருவுல அடிமைன்னுதான் இவன கூப்புடுறாங்க. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"உண்மை அதாங்க. என் பிள்ளைக்கும் அதே பேர்தான்."

"உண்மைய நீங்க வச்சுக்கங்க. எம்புள்ள பேர எதுக்குத் தொட்டீங்க?"

தேனம்மை வரிசையை விட்டு விலகினாள். ஊசி போடாமலே வீடு திரும்பினாள். கணவன் சாத்தப்பனிடம் நடந்ததைச் சொல்லி அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். "விடு தேனு, நீ செஞ்சது சரிதான்" என்றான்.

நிறுவனம் அதற்குள் சட்டத்தில் ஒரு விதியைத் தேடி எடுத்திருந்தது. பெயர் அதை உடையவர்களுக்கே சொந்தம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மனுக் கொடுத்தால் எந்தச் சான்றையும் நீக்கலாம். பத்தொன்பதே நாளில் முக்கால்வாசி சேர்ந்தது. மடத்து ஓலை பதிவேட்டிலிருந்து அகற்றப்பட்டது. உய்யவந்தான் மறுபடி ஊரைக் கரையேற்றினான்.

வழி தெரிந்தபின் மற்றவர்களும் விடவில்லை. பிச்சை என்ற பெயருக்கு வள்ளல் என்று பொருள் வந்தது. குப்பன் பொற்குவியல் ஆனான். எந்தப் பெயரைச் சொன்னாலும் அரசன், வீரன், வள்ளல் என்றே வேர்காட்டி சொல்லத் தொடங்கியது. மக்களும் அதைக் கேட்டு மகிழ்ந்தார்களே தவிர, நம்புவதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பெயருக்கு வேர் சொன்னால், மனுப் போட்டு வாங்கியதா என்று சிரித்தார்கள்.

மனுதாரர் பட்டியல் யாரும் பார்க்கக்கூடியது. லால்குடிப் பெண் சேர்ந்திருக்கிறாளா என்று பார்க்கத்தான் தேனம்மை அதைத் திறந்தாள். திருச்சிப் பகுதிக்கு வந்தபோது தன் வீட்டு முகவரியைக் கண்டாள்.

மனுதாரர்: உய்யவந்தான். வயது: இரண்டு. பெயருடையவரின் கைரேகை: உண்டு. கைபிடித்து உதவிய பெற்றோர்: சாத்தப்பன்.

சாத்தப்பன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். திரையை அவன் முன் வைத்தாள். அவன் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"எப்போ?"

"நீ ஊசி போடப் போயிட்டு அழுதுக்கிட்டு வந்தியே, அன்னிக்கு. நீ அசந்து தூங்கினப்புறம்."

"நான் செஞ்சது சரின்னு சொன்னீங்க."

"சரிதான். ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இவன் தலை நிமிர்ந்து நிக்கணுமே. நான் இவனுக்கு அப்பன்."

"அந்த ஓலையில ஏழு வயசுப் பிள்ளைய வித்தவனும் அப்பன்தான்."

சாத்தப்பன் முகம் வெளிறியது. அவள் நிறுத்தவில்லை.

"மனுவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா? 'ஓலையில் வரும் சிறுவனுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' பேசவே வராத பிள்ளைய இதச் சொல்ல வச்சிருக்கீங்க."

குழந்தை அப்பாவின் கையை இழுத்து அடுத்த வாய்ச் சோறு கேட்டது. அவன் ஊட்டவில்லை. அவள் கிண்ணத்தை எடுத்து ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிவேட்டை அழைத்தாள்.

"கொடுத்த மனுவைத் திரும்பப் பெற முடியுமா?"

முடியும் என்றது பதிவேடு. பதினெட்டு வயது நிறைந்தபின் பெயருடையவரே நேரில் வந்து கேட்க வேண்டும். எந்தச் சான்றுக்கு எதிராக மனுக் கொடுத்தார் என்பதையும் அவர் குறிப்பிட வேண்டும்.

"மடத்து ஓலைக்கட்டு, நான்காம் ஏடு" என்றாள் தேனம்மை.

பதிவேடு தேடியது. அப்படி ஒரு சான்று இல்லை என்றது.